அரைத் திருகு

ஐலி முதலில் கேட்டது வில் அல்ல,
முயல்.
கடையில் முயல் நாற்பது டாலர்,
கூண்டு தொண்ணூறு.
இரவுப் பணி முடிந்து வந்த மார்லிஸ்
காலணியைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:
"வளர்க்க முடியாதும்மா. வேணும்னா வேட்டையாடிக்கோ."
விளையாட்டுக்குத்தான் சொன்னாள்.
ஒன்பது வயதின் காதில்
அது வாக்காக விழுந்தது.

நான் அவளுக்கு அப்பா இல்லை.
பேக்கரியில் மாவு பிசைகிறவன்.
நான் பார்த்த மான்களெல்லாம்
நெடுஞ்சாலை ஓரம்
கால் நீட்டிப் படுத்தவை.

வில்கடை டெல்வின்
இரு கைகளையும் சேர்த்து முக்கோணம் பிடிக்கச் சொன்னார்.
"இது வழியா அந்தக் கடிகாரத்தைப் பாரு.
இப்ப இடது கண்ணை மூடு.
கடிகாரம் ஓடிருச்சா?"
"அது ஏற்கெனவே நின்னு போச்சே" என்றாள் ஐலி.
பிறகு, மெதுவாக,
"காணோம்."
எழுதும் கை வலது,
குறி பார்க்கும் கண் இடது.
இடக்கை வில் கடையில் ஒன்றே ஒன்று இருந்தது,
வாந்திப் பச்சை நிறத்தில்.

கோடை முழுக்க மாவுச் சாக்கில் கந்தல் திணித்து
கொல்லையில் நிறுத்தினேன்.
முதல் அம்பு
கொடியில் காய்ந்த மார்லிஸின் சீருடைக்கு.
இரண்டாவதை இன்னும் தேடுகிறோம்.

டெல்வின் எனக்குச் சொன்னதை
அரைமணி நேரம் கழித்து அவளுக்குச் சொல்வேன்,
பிறந்ததிலிருந்தே தெரிந்தவன் போல:
"அம்பு இல்லாம நாணை விடாதே.
விசைக்குப் போக ஓர் இடம் வேணும்.
இல்லாட்டி வில் தன்னையே உடைச்சுக்கும்."
"அம்மா கதவைச் சாத்துற மாதிரியா?"
ஏறக்குறைய.

ஆகஸ்டில் சாக்கின் நடுவில் பொத்தல் விழுந்தது.
"இந்த இழுவைக்கு
மானுக்குக் கூச்சம்தான் வரும்" என்றார் டெல்வின்.
அன்றிலிருந்து
அவள் தூங்கிய பிறகு
அறுகோணச் சாவி எடுத்து
மேல் திருகில் ஓர் அரைச் சுற்று,
கீழ்த் திருகில் ஓர் அரைச் சுற்று.
காலையில் இழுப்பாள். வரும்.
ரொட்டி உப்புவதைப் பார்க்கும் சந்தோஷம் எனக்கு.
சொல்லவில்லை.

அக்டோபர். கூடாரத்துக்குள் இருவர்.
திராட்சை வற்றலை
ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல்
தின்று தீர்த்தாள்.
விக்கல் வந்தது, போனது.
மேப்பிள் இலைகளின் மேல் யாரோ
ஈரச் செருப்போடு நடப்பது போல.

பதினாலு தப்படி. பக்கவாட்டில் நின்றது.

மண்டியிட்டாள். நாணில் விரல் மாட்டினாள்.
தடித்த மேலங்கி, விறைத்த தோள்.
மூக்கு வரை வரவேண்டிய கை
நெஞ்சு தாண்டவில்லை.
மறுபடி.
மூன்றாம் முறை வில்தான் அவளை இழுத்தது.
மான் எங்களைப் பார்த்தது.
பார்த்துக்கொண்டே ஓர் இலையைக் கடித்தது.
பிறகு போனது.
ஓடக்கூட இல்லை, நடந்துதான்.

ஐலி அழவில்லை.
மூச்சு வெள்ளையாக வந்தது, அதன் பின்னால் குரல்:
"வெய்க்கோ, நேத்து வந்துச்சே."

நேற்றிரவும் அரைத் திருகு.
நாண் வளையாமல் நிமிர்ந்திருந்தது.
நாணிக் குனிந்தது நான்.

வீட்டில், சமையல் மேசையில்,
வில்லைக் கிடத்திச் சொல்லிவிட்டேன்,
ஆகஸ்டிலிருந்து எல்லாவற்றையும்.
அவள் கை நீட்டினாள்.
சாவியைக் கொடுத்தேன்.
மேலே ஒன்று, கீழே ஒன்று,
வாய்விட்டு எண்ணி எண்ணித் தளர்த்தினாள்,
நான் எண்ணாமல் இறுக்கியதை.

"இனிமே கேட்டுட்டுத் திருகு."

எழுந்து நின்று இழுத்துப் பார்த்தாள்.
கன்னத்துக்கு வந்தது நாண்.
அம்பு வைக்கவில்லை.
அதனால் விடவில்லை.
கடன் வாங்கிய கிண்ணத்தைத் தருவது போல
கொஞ்சம் கொஞ்சமாக
வில்லிடமே திருப்பிக் கொடுத்தாள்.